நிலை இல்லாத கதவு

வெள்ளிக்கிழமையோடு நான் தளவேலையை விட்டுப் போகிறேன். திங்கட்கிழமை முதல் தஞ்சோங் பகாரில் ஒரு வரைபட அலுவலகத்தில் மேசை, நாற்காலி, குளிர்சாதனம். முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி புதிதாகச் சேர்ந்த மேற்பார்வையாளர்களைப் பார்த்து ‘என் அனுபவத்தில்’ என்று ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

உங்களிடம் கொடுத்திருக்கும் கோப்பில் அளவுகள், பொருள் கடைகளின் தொலைபேசி எண்கள், எந்த அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கிக்கு அட்டை போட்டு மூட வேண்டும் என்பது வரை எல்லாம் இருக்கின்றன. நான் மூடிய பிறகு மறுபடி திறக்க வேண்டிவந்த சுவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்படி மூன்று சுவர்கள். முதலாவதில் தண்ணீர்க் குழாயில் ஆணி இறங்கிவிட்டது. அது எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். இரண்டாவதில் மின்சாரக்காரர் தன் டார்ச்சை உள்ளேயே விட்டுவிட்டார், அதுவும் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சுக்கு விட்ட ஓட்டை வழியாக வெளிச்சம் வருவதைப் பார்த்து வீட்டுக்காரப் பையன் சுவருக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டான். அதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

மூன்றாவதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. அம்மா கட்டட வேலையில் சித்தாள். அப்பா கலவை போட்டவர். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட வராது. தாங்கள் கட்டிய வீடுகளின் வரைபடத்தை அவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, விமானம் ஏறி இங்கே வந்து, மேற்பார்வையாளர் தொப்பியை மாட்டிய அன்று அந்த வரைபடம் என் கையில் இருந்தது. இப்போது சொல்லப்போகும் தவறுக்கு அந்தப் பெருமைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவறு நடந்த இடத்தில் அதுவும் நின்றுகொண்டிருந்தது.

வீடு சுவா சூ காங்கில், ஒன்பதாவது மாடி. வீட்டுக்காரர் கோவிந்தராஜு அங்கிள், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் மனைவி சரோஜா ஆன்ட்டிக்குச் சர்க்கரை நோய் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்கு மாதமாக அவர் மருத்துவமனையிலும் பிறகு மறுவாழ்வு நிலையத்திலும்தான் இருந்தார். அவர்களுடைய பழைய படுக்கையறை நடைவழியின் கோடியில் இருந்தது. சக்கர நாற்காலி அங்கே திரும்பாது. அதனால் கூடத்தில் ஒரு பகுதியைத் தடுத்து, சமையலறைப் பக்கக் கழிவறையை ஒட்டி ஆன்ட்டிக்கு ஓர் அறை அமைக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. அறைக்கு ஒரே ஒரு கதவு, படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போவதும் அதன் வழியாகத்தான். இழுத்துத் திறக்கும் கதவு வைத்தால் நாற்காலி திரும்ப இடமிருக்காது. ஆகவே பாக்கெட் கதவு.

பாக்கெட் கதவு பக்கவாட்டில் நகர்ந்து சுவரின் வயிற்றுக்குள் போய்விடும். அதற்காகச் சுவரை இரண்டு மெல்லிய தோலாக எழுப்பி, நடுவில் கதவு நுழையும் அளவுக்கு வெற்றிடம் விடுகிறோம். ஜிப்சம் போர்டு அடித்து மூடிவிட்டால் அந்த வெற்றிடத்தை அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. சாதாரணச் சுவரில் நாம் செய்யும் தவறு சுவருக்குள்ளேயே தூங்கும். பாக்கெட் சுவரில் செய்யும் தவறு ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் எழுந்து வந்து முட்டும்.

மறுவாழ்வு நிலையத்தின் சிகிச்சையாளர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. கதவைத் திறந்தால் எண்பது சென்டிமீட்டர் வழி இருக்க வேண்டும். இருந்தால் ஆன்ட்டி மறுநாள் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் சிகிச்சையாளர் மறுபடி வருவதற்கு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஆன்ட்டியை ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டியிருக்கும். இந்தத் தகவலை அங்கிள் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இரண்டு முறையாவது சொல்லியிருந்தார். பெயிண்ட் அடிக்க வந்த பங்களாதேஷ்காரரிடம்கூட, தனக்குத் தெரிந்த மலாயில்.

நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். வழக்கமாகக் கதவு உள்ளே போய் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சாண் வெற்றிடம் விடுவோம். அறை சிறியது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி திரும்பும் இடம் போதவில்லை. அந்த ஒரு சாணை எடுத்து அறைக்குக் கொடுத்துவிட்டேன். சுவருக்குள் நிற்கும் கடைசி மரத்தூண் கதவின் விளிம்பு வந்து நிற்கும் இடத்திலேயே நிற்கும்படி வரைபடத்தைத் திருத்தினேன். நல்ல யோசனைதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். சட்டம் அடிக்கும் தச்சரிடம் புதிய அளவைக் கொடுத்தேன். ஏன் மாற்றினேன் என்று சொல்லவில்லை.

தச்சர் முருகேசன் அண்ணன். திங்கட்கிழமை நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள். அரியலூர்க்காரர், பதினேழு வருடமாக இங்கே இருக்கிறார். அவர் அடித்த தூணில் நூல் விட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. அளவைக் கொடுத்தால் மில்லிமீட்டர் பிசகாமல் நிறுத்திவிடுவார். கேள்வி கேட்க மாட்டார். கேட்க வைக்க வேண்டியது நம் வேலை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சட்டம் அடித்து முடித்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, விதிப்படி, வெற்றிடத்தின் உள்ளே டார்ச் அடித்து நான்கு படம் எடுத்து அலுவலகக் குழுவுக்கு அனுப்பினேன். படம் சுத்தமாக இருந்தது. பதினொரு மணிக்கு அங்கிள் லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தார். மஞ்சள் துணி, நவதானியம், மாவிலை, சூடம். வீட்டில் புதுக் கதவு வைக்கிறோம், நிலைக்குப் பூசை போட வேண்டும் என்றார். சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுக்கு நிலை எங்கம்மா இருக்கு?”

“இந்த மாதிரிக் கதவுக்கு நிலை கிடையாது அங்கிள். மேல ஒரு டிராக், அதுல தொங்கும். அவ்வளவுதான்.”

“நிலை இல்லாம கதவா லா? அப்புறம் மஞ்சத்துணியை எங்க கட்டுறது, காத்துலயா?”

முருகேசன் அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கூடத்தில் ஒரு சீன மின்சாரக்காரர் நின்றிருந்தார், பெயிண்ட்காரரும் இருந்தார். எங்கள் ஊரில் நிலை வைக்கும் நாளில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சித்தாள்களில் முதலில் நிற்பவள் என் அம்மா. கொத்தனார், வீட்டுக்காரர், புரோகிதர் எல்லோருக்கும் பின்னால் நின்று, கூப்பிட்டால் மட்டும் முன்னே வருவாள். எனக்கு அந்த வரிசை பிடிக்காது. அதிலிருந்து வெளியே வரத்தான் படித்தேன். எனவே சாமான் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி கீழே இறங்கிப் போய்விட்டேன். வண்டி வரவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்து, சூடம் அணைந்திருக்கும் என்று தோன்றும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்தபோது கூடத்துப் பக்கம் போர்டு ஏறியிருந்தது. அங்கிருந்து மஞ்சள் துணி தெரியவில்லை, மறுபக்கம் போய் நான் பார்க்கவும் இல்லை. பிறகு சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்கு முருகேசன் அண்ணன் கேட்டார், “மேடம், மூடிடலாமா?”

“மூடுங்கண்ணே. ஃபோட்டோ எடுத்தாச்சு.”

அந்த ஒரு வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கியிருப்பேன்.

பூச்சு, தேய்ப்பு, பெயிண்ட் எல்லாம் செவ்வாய்க்கிழமை முடிந்தன. கதவுப் பலகை புதன்கிழமை காலைதான் வந்தது. தொங்கவிட்டோம். ஒரு விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நகர்ந்து, நகர்ந்து, சுவருக்குள் முழுவதும் மறையும் முன் நின்றது. நான்கு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி தள்ளினேன். பொத் என்று ஒரு மெத்தென்ற சத்தம். மரத்தில் மரம் இடிக்கும் சத்தம் இல்லை. இன்னும் வேகமாகத் தள்ளினேன். உள்ளே ஏதோ சரசரவென்று கொட்டியது. டேப்பை வைத்தேன்: எழுபத்திரண்டு.

திரும்பிப் பார்த்தபோது முருகேசன் அண்ணன் தன் சுத்தியலின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“கட்டினது நான்தான் மேடம்,” என்றார். “பின்னாடித் தூண்ல. வெளிய தெரியக் கூடாது, வீட்டுக்குள்ளயே இருக்கணும்னு அங்கிள் சொன்னாரு. எப்பவும் அங்க ஒரு சாண் இருக்குமே.”

“இந்தத் தடவை இல்ல. அளவைக் குறைச்சிருந்தேன்ல?”

“அளவைக் குறைச்சீங்க. கதவு தூண் வரைக்கும் வரும்னு சொல்லலையே. ஆர்டர் போட்ட பலகை சின்னதுன்னு நெனச்சேன்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் சொல்லவில்லை, அவர் காட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் மூடப்பட்டுவிட்டது. அவரே மெதுவாகச் சொன்னார், “உங்களுக்குப் பிரச்சினை வராது மேடம். ஃபோட்டோல எல்லாம் க்ளீனாத்தானே இருக்கு.”

குத்தலா, பயமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த மாதம் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

முதலாளிக்குப் போன் செய்தேன். அவரும் முதலில் படத்தைத்தான் கேட்டார். படத்தில் சுத்தமாக இருந்தால் தச்சர் பிறகு செய்த வேலை, அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடு என்றார். படம் ஒன்பதரைக்கு எடுத்தது, சுவர் இரண்டு மணிக்கு மூடியது, மூடச் சொன்னது நான் என்றேன். பிறகு அவர் ஒரு வழி சொன்னார். நாளைக் காலை கதவுப் பலகையைக் கழற்றி வைத்துவிடு. சிகிச்சையாளர் வெறும் வழியை அளப்பார், எண்பது இருக்கும், கையெழுத்துப் போடுவார். பிறகு மாட்டிக்கொள்ளலாம். மீதியை அடுத்த மாதம் பார்க்கலாம்.

அவர் கெட்டவர் இல்லை. நாளும் ஆளும் குறைவாக இருக்கும்போது முதலாளிகளுக்குத் தோன்றும் வழி அது. உங்களுக்கும் சொல்வார்கள். அந்த நேரத்தில் அது நியாயமாகவும் இருக்கும். பத்து நிமிடம் எனக்கும் நியாயமாக இருந்தது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அங்கிளுக்கு இன்னும் நியாயமாக இருந்தது. முட்டுவது தன் முடிச்சுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதை எடுக்கச் சொல்வேனோ என்றுதான் அவர் பயந்தார்.

“அதைத் தொடாதேம்மா. அவ வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும் அவிழ்க்க மாட்டேன்னு சொல்லிக் கட்டினது. பலகையைக் கழட்டிக் காட்டிட்டு அப்புறம் மாட்டிடுங்க. எழுபத்திரண்டு போதும் லா. வீல்சேர் அறுபத்தஞ்சுதான்.”

நாற்காலி முன்தினமே வந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கூடத்தின் மூலையில் நின்றது. நான் உறையைக் கிழித்தேன்.

“அங்கிள், ஒரு தடவை உக்காந்து காட்டுங்க. ஆன்ட்டி கட்டில்ல இருந்து இறங்குறாங்க, பாத்ரூம் போகணும். போங்க.”

“நான்தான் தள்ளுவேனே.”

“நீங்க மார்க்கெட் போயிருக்கீங்க.”

அவர் என்னை முறைத்தார். பிறகு உட்கார்ந்தார். நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவர். வண்டி என்றால் அவருக்கு ரோஷம் உண்டு. சக்கரத்தைப் பிடித்து, கட்டில் வர வேண்டிய இடத்திலிருந்து திருப்பி, வழிக்கு நேராக வந்தார். நேராக வந்த வரைக்கும் சரி. கழிவறைப் பக்கம் வளைய வேண்டிய இடத்தில் வலது கை சக்கரத்துக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவில் மாட்டியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். விரல் முட்டியில் தோல் உரிந்து, முதலில் வெள்ளையாகவும் பிறகு சிவப்பாகவும் தெரிந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். சர்க்கரை உள்ள ஒருவருக்குக் கையில் அப்படி ஒரு காயம் பட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆன்ட்டியின் காலிலும் ஒரு செருப்புக் கடியில்தான் ஆரம்பித்ததாம்.

“வெட்டும்மா,” என்றார்.

பெயிண்ட் காய்ந்து ஒருநாள்கூட ஆகாத சுவர். எங்கே வெட்டுவது? கடைசித் தூண் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முடிச்சு எந்த உயரத்தில் இருக்கிறது என்று முருகேசன் அண்ணனுக்குத் தெரியும். நான் சுவரில் நெடுக ஒரு கோடு போட்டேன். அவர் தன் நெஞ்சு உயரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் கைவாளை இறக்கினோம். ஒரு புத்தக அளவுக்குச் சதுரம். முடிச்சு நேர் எதிரே தொங்கியது. நான் இடித்த இடியில் துணி கிழிந்து, பாதித் தானியம் கீழே கொட்டியிருந்தது.

கதவின் அடியில் அதை நேராக நடத்திச் செல்லும் ஒரு சிறிய வழிகாட்டி இருக்கும். அதற்குள் ஒரு கொண்டைக்கடலை போனால் போதும், ஆன்ட்டியால் கதவை நகர்த்த முடியாது. தூசு உறிஞ்சும் எந்திரத்தின் குழாயை உள்ளே விடப் போனேன். அங்கிள் என் கையைப் பிடித்தார்.

“இரும்மா. தானியம் மட்டும் இல்ல. அவ மெட்டி ஒண்ணு இருக்கு.”

இடது கால் மெட்டி. அறுவைச் சிகிச்சைக்கு முன் கழற்றி, ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்களாம். இனி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான்கு மாதம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார். அது எங்கே என்று ஆன்ட்டி இரண்டு முறை கேட்டார், பத்திரமாக இருக்கிறது என்றாராம். தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில், தொலையவே முடியாத இடமாகப் பார்த்துச் சுவருக்குள் வைத்துவிட்டார்.

முருகேசன் அண்ணன் எந்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கம்பியின் நுனியை வளைத்துப் பசை நாடா சுற்றினார். நானும் அங்கிளும் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். அண்ணன் ஓட்டை வழியாகக் கம்பியில் ஒட்டி எடுத்துப் போடப் போட, ஜிப்சம் தூளுக்குள் நெல்லையும் எள்ளையும் உளுந்தையும் பிரித்தோம். பெயிண்ட்காரர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவரும் வந்து உட்கார்ந்தார். எட்டு பேருந்து ஓட்டியிருந்தாலும் இவ்வளவு தேடியிருக்க மாட்டேன் என்று அங்கிள் முணுமுணுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. மெட்டி கிடைத்தது பெயிண்ட்காரர் கையில். அவர் அதைத் தன் சட்டையில் துடைத்து நீட்டினார்.

அங்கிள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். “இதை அவகிட்டயே கொடுத்துடறேன்,” என்றார்.

மிச்சத் தானியத்தைப் புதுத் துணியில் முடிய வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நான் பதில் சொல்லாமல் இறங்கிப் போன கேள்வி இன்னும் அங்கேயே நின்றது. நிலை இல்லாமல் துணியை எங்கே கட்டுவது? இந்த முறை நின்று யோசித்தேன். கதவு வந்து மூடிக்கொள்ளும் பக்கம் ஒரு தூண் இருக்கிறது. உள்ளே கெட்டி மரம். அதன் தலையிலிருந்துதான் டிராக்கைத் தாங்கும் விட்டம் போகிறது. அதற்கு மேலே பொய்க்கூரையை நாங்கள் இன்னும் மூடவில்லை. கதவின் சக்கரம் எதுவும் அந்தப் பக்கம் வராது.

“அங்கிள், இந்தத் தூண்தான் இந்தக் கதவுக்கு நிலை. இங்க கட்டலாம். எதுலயும் முட்டாது.”

அவர் தூணைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக ஒலித்தது. “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லமா?”

“சொல்லியிருக்கலாம் அங்கிள்.”

ஏணியில் நான்தான் ஏறினேன். முடிச்சு எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மா போடுவதை எத்தனையோ முறை பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே சூடம் எரிந்து முடியும்வரை ஏணியிலேயே நின்றேன். பிறகு டார்ச் அடித்துப் படம் எடுத்தேன், மஞ்சள் முடிச்சும் தெரியும்படி. கதவைப் பத்து முறை திறந்து மூடினோம். ஒவ்வொரு முறையும் முழுவதும் உள்ளே போனது. வெட்டிய சதுரத்தைப் பொருத்தி, சீக்கிரம் இறுகும் பூச்சு பூசினோம். மேலே பெயிண்ட் அடிக்க நேரமில்லை. புதுச் சுவரின் நடுவில் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு வெள்ளைச் சதுரம். என் சுவர்களை நான் அப்படி யாருக்கும் காட்டியதில்லை. கட்டில் வந்தால் மறைந்துவிடும் என்றார் முருகேசன் அண்ணன். மறையவில்லை.

அறிக்கையில் இரண்டு பெயர் எழுதினேன், என் பெயரை முதலில். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினேன். முதலாளி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அண்ணனின் அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். படம், எடுத்த நிமிடத்துக்குத்தான் சாட்சி. மூடும் நிமிடத்தில் நீங்களே குனிந்து பாருங்கள். காலையிலிருந்து இதற்குள் யார் கைவைத்தார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அளவை மாற்றினால் காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நம்மைவிட நன்றாக வேலை தெரிந்தவர்கள் பழைய காரணத்தை வைத்துக்கொண்டுதான் புது அளவைப் படிப்பார்கள். வீட்டுக்காரர்கள் பூசை போட்டாலும், ஓதினாலும், ஊதுபத்தி ஏற்றினாலும் அங்கேயே நில்லுங்கள். கும்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் சுவருக்குள் அவர்கள் எதை வைக்கிறார்கள் என்பது உங்கள் வேலை.

வியாழக்கிழமை வந்த சிகிச்சையாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டேப்பை மூன்று இடத்தில் வைத்தார். எண்பது, எண்பது, எண்பது. கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் போனேன். ஆன்ட்டி மின்தூக்கியிலிருந்து வெளியே வந்ததும், பின்னால் தள்ளிக்கொண்டிருந்த அங்கிளின் கையைத் தட்டிவிட்டுத் தானே சக்கரத்தைப் பிடித்தார். வலது கைச் சுண்டுவிரலில் அந்த மெட்டி. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஊதுபத்திச் சாம்பலைத் துடைக்காததற்கு அங்கிளைத் திட்டினார், வெள்ளைச் சதுரத்தைக் காட்டி “இது என்ன, அம்மைத் தழும்பா?” என்று கேட்டார். நானும் அங்கிளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு புது அறைக்கு வந்தார். சக்கரம் வளைந்தது. மெட்டி போட்ட விரல் கதவின் ஓரத்தைத் தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிலும் படவில்லை. உள்ளே போனவர் திரும்பி, சுவருக்குள் மறைந்திருந்த பலகையின் விளிம்பைத் தேடி, ஒரு விரலை விட்டு இழுத்தார். கதவு வந்து, முருகேசன் அண்ணன் நிறுத்திய தூணில் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அங்கிள் ஒரு நிமிடம் பொறுத்தார். பிறகு கதவருகே போய், ஏதாவது வேண்டுமா, சரோஜா, என்று கேட்டார்.

“ஒண்ணும் வேண்டாம்,” என்றது உள்ளிருந்து குரல். “நாலு மாசமா ஆஸ்பத்திரியில எனக்குத் திரைதான். நெனச்சவங்க நெனச்ச நேரத்துல தள்ளிட்டு வருவாங்க. இப்ப நானா திறக்கிற வரைக்கும் யாரும் கூப்பிடாதீங்க.”